வலசையும் பாடிவீடும்: செங்கற்பட்டுச் சீமையின் ஒரு வரலாறு

தமிழில் ‘பாடி’ என்னும் சொல் ஊரையும் குறிக்கும். படை தங்கும் இடத்தையும் குறிக்கும். நிலைத்து வாழ்வோரின் இருப்பிடத்தையும் சின்னாள் தங்கிச் செல்வோரின் இருப்பிடத்தையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி இது. இவ்விரு பொருளும் ஒன்றையொன்று எதிர்கொண்ட இடங்கள் நம் நாட்டில் பல. அவற்றுள் ஒன்று, தாம்பரத்திலிருந்து தெற்கே வண்டலூர், செங்கற்பட்டு, மதுராந்தகம் எனச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் ஏரி நாடாகும்.

பருவந்தோறும் இடம்பெயரும் விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் வழியிலேயே கூடாரமிட்டுத் தங்கிக் காண்பது இன்று உலகெங்கும் பலர் விரும்பும் பயணமாகியுள்ளது. தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வைல்டபீஸ்ட் என்னும் மானினம் மழையையும் புல்லையும் தேடி ஆண்டுதோறும் வட்டமிட்டு நடக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் தென்சமவெளியில் கன்றீனும் அம்மந்தை, சூலை முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் வடக்கே மாரா ஆற்றைக் கடக்கிறது. மந்தை நகர, அதனைக் காண வருவோரின் கூடாரங்களும் பிரிக்கப்பட்டு அடுத்த இடத்தில் நடப்படுகின்றன. தமிழகத்திலிருந்தும் பலர் அங்குச் சென்று தங்கித் திரும்புகின்றனர்.

அத்தகைய கூடாரங்களுக்கும் வலசைக்கும் இடையிலான உறவு செங்கற்பட்டுச் சீமைக்கும் புதியதன்று. படைத்தலைவர், ஆட்சியர், வேட்டையாடுவோர், ஆய்வாளர் எனப் பலர் இந்நாட்டில் கூடாரமிட்டுத் தங்கியுள்ளனர். அவர்கள் தங்கிய பருவமும் பறவைகள் வந்திறங்கிய பருவமும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் பறவைகளைக் காத்து நின்றவர் கூடாரத்தில் தங்கியவரா, ஏரிக்கரையில் குடியிருந்தவரா என்னும் வினாவிற்கு வரலாறு தரும் விடை இன்றைய தென்சென்னைப் புறநகர்க்கு மிகவும் இன்றியமையாதது.

பாசறையும் கூதிர்ப் பறவையும்

சங்க இலக்கியத்துள் கூடார வாழ்வை விரிவாகக் காட்டும் பாட்டுகள் இரண்டு. ஒன்று நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. மற்றொன்று நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. முல்லைப்பாட்டுப் பாசறை 103 அடிகளே கொண்ட சிறுபாட்டுள் ஒரு நகரம்போல் எழுந்து நிற்கிறது. தழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. நாழிகைக் கணக்கர் பொழுதளந்து கூறுகின்றனர். யவனர் காவல் செய்கின்றனர். இத்துணைச் சிறப்பையும் சொல்லும் புலவர், அப்பாசறை எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். காட்டுப் புதர்கள் வெட்டப்பட்டன. அங்கிருந்த வேடரின் சிற்றரண்கள் அழிக்கப்பட்டன. அதன் பின்னரே முள்வேலி எழுந்தது. வந்து தங்குவோர்க்கு இடம் வேண்டுமாயின் அங்கு ஏற்கெனவே இருந்தோர் அகல வேண்டும் என்னும் முறை அன்றே தொடங்கிவிட்டது.

நெடுநல்வாடையின் தொடக்கத்தில் கூதிர்க்காலத்து நீர்நிலம் வருகிறது. மழையால் நனைந்த வண்டலில் கொக்குக் கூட்டமும் நாரையும் புதுநீரில் ஏறிவரும் மீன்களைக் கவர்கின்றன. அப்பாட்டின் இறுதியில், அதே கூதிரின் நள்ளிரவில், புண்பட்ட வீரரைக் காண அரசன் பாசறையுள் நடக்கிறான். ஐப்பசி கார்த்திகையின் பறவைக் கூட்டமும் பாசறைக் கூடாரமும் ஒரே பாட்டின் இரு முனைகளில் நிற்பது நோக்கத்தக்கது. வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்த இந்நாட்டில் அவ்விரண்டும் ஒரே பருவத்துக் காட்சிகள்.

பறவை நெடுந்தொலைவு செல்லும் என்னும் அறிவும் நம் முன்னோர்க்கு இருந்தது. குமரித்துறையில் இரைதேடி வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்தை நோக்கிப் பிசிராந்தையார் பாடிய புறப்பாட்டு (67), இடையில் உறையூரில் இறங்கி இளைப்பாறுமாறு வேண்டுகிறது. தூது என்பது கற்பனையாயினும், செல்லும் பறவைக்கு இடைவழியில் தங்குமிடம் வேண்டும் என்னும் எண்ணம் உலகியல் அறிவிலிருந்து பிறந்ததாகும். வலசைப் பறவைகளைப் பற்றி இன்றைய அறிவியல் அழுத்திச் சொல்வதும் அதுவே. புறப்படும் இடமும் சேரும் இடமும் மட்டும் இருந்தால் போதாது. இடையிலுள்ள நீர்நிலைகளில் இறங்கி உண்டு உடலைத் தேற்றிக்கொள்ளாத பறவை பயணத்தை முடிப்பதில்லை.

வலசை என்னும் சொல்

பறவைகளின் பருவப் பெயர்ச்சிக்கு இன்று ‘வலசை’ என்று சொல்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லுக்கு, பகைப்படைக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டு ஓடுதல் என்னும் பொருளைத் தருகிறது. பறவையைக் குறித்து இன்று இனிமையாக ஒலிக்கும் இச்சொல் மக்களின் துயரில் ஊறியது.

அத்துயரைச் செங்கற்பட்டுச் சீமை முழுதும் அறியும். 1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற இந்நிலப்பகுதி ‘ஜாகீர்’ எனப்பட்டது. 1780 சூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகத்தில் இறங்கியது. பரங்கிமலையில் பாசறை கொண்டிருந்த சர் ஹெக்டர் மன்றோவின் படை காஞ்சிபுரம் நோக்கி நகர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. இரு படைகளுக்கும் இடையில் அகப்பட்ட ஊர்கள் வெறுமையாயின. பயிர் அழிந்தது, ஏரிக்கரைகள் பேணுவாரின்றிக் கிடந்தன, தொடர்ந்து பஞ்சமும் வந்தது. பரங்கிமலை முதல் காஞ்சி வரையிலான இந்நாட்டு மக்கள், அகராதி கூறும் பொருளிலேயே வலசை போயினர்.

வலசை போனவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்து, உடைந்த மதகைச் சீர்செய்து, மீண்டும் நாற்று விட்ட காலத்தில்தான் அடுத்த நிகழ்ச்சி நடைபெற்றது.

ஆட்சியரின் கூடாரம்

1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். கலெக்டர் பதவி அக்காலத்தில் பெரிதும் கூடாரப் பதவியே. கச்சேரியும் கணக்குக் கட்டுகளும் மாட்டுவண்டிகளில் ஊர் ஊராகச் செல்லும். தோப்பு நிழலில் கூடாரம் எழும். கணக்கரும் மிராசுதாரரும் குடிகளும் அங்கு வந்து முறையிடுவர். பின்னாளில் நிலைபெற்ற ‘ஜமாபந்தி’ முகாம்களுக்கு இதுவே முன்வடிவம்.

பிளேசின் கூடாரத்தைப் பற்றி இந்நாட்டில் வழங்கும் கதையை அறியாதார் சிலரே. மதுராந்தகத்துப் பேரேரியின் கரை மழைதோறும் உடைந்து வந்தது. கரையைச் செப்பனிட்ட பிளேஸ், மழை கொட்டிய ஓர் இரவில் அங்கேயே தங்கியிருந்து கரையைப் பார்க்கச் சென்றார். அங்கே வில்லேந்திய இருவர் ஒளிவடிவாகக் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்பது கதை. அவ்வூர்ப் பெருமாள் ‘ஏரி காத்த இராமர்’ எனப் பெயர் பெற்றதற்கு இதனையே காரணமாகக் கூறுவர். அக்கோயிலின் தாயார் சந்நிதியில் பிளேசின் பெயர் பொறித்த கல்வெட்டும் உள்ளது. கதையின் உண்மை நம்புவோரின் நம்பிக்கையைச் சார்ந்தது. ஆனால் ஏரிக்கரையின் உறுதியே இந்நாட்டின் உயிர் என்பதை, வெளிநாட்டிலிருந்து வந்து கூடாரமிட்டவரும் உணர நேர்ந்தது என்பதற்கு அக்கதை நல்ல சான்று.

மதுராந்தகத்திற்கு அண்மையில் உள்ளது வேடந்தாங்கல். ‘தாங்கல்’ என்பது சிறிய பாசன ஏரி. ஏறத்தாழ 30 ஹெக்டேர்ப் பரப்புள்ள அவ்வேரியின் நடுவே நீர்க்கடம்பும் கருவேலும் நிற்கின்றன. மழைக்குப்பின் ஏரி நிரம்பியதும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா முதலியன அம்மரங்களில் கூடு கட்டுகின்றன. வடபுலத்து வாத்தினங்களும் வந்து சேர்கின்றன. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. எனவே பறவை நிறைந்த ஆண்டு நெல் நிறைந்த ஆண்டென்று உழவர் கண்டிருந்தனர்.

ஆங்கிலப் படைவீரர் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் வாளாவிருக்கவில்லை. கலெக்டரிடம் சென்று முறையிட்டு, பறவைகளைக் காக்கும் தம் உரிமைக்கு எழுத்துவடிவில் ஒப்புதல் பெற்றனர் என்பது ஊர்வழி வரலாறு. பிளேஸ் அளித்த அவ்வாணையின் ஆண்டாக 1798 குறிக்கப்படுகிறது. 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. காட்டுயிர்ச் சட்டங்கள் எவையும் இந்தியாவில் தோன்றாத காலம் அது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872இல்தான் அமைந்தது.

இங்கு இரண்டு செய்திகள் ஆழ்ந்து நோக்கத்தக்கன. முதலாவது, ஆணையைப் பெற்றவர்கள் யார் என்பது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் படைக்கு அஞ்சி ஊர்களைவிட்டு மக்கள் ஓடிய சீமையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அத்தகையோர் படைவீரரின் துப்பாக்கிக்கு எதிராகப் பறவைக்கு அடைக்கலம் கேட்டனர். உரத்தின் பயன் கருதியே கேட்டனர் என்று கொள்வோர் கொள்ளலாம். பயனும் இருந்தது உண்மையே. ஆயினும் தங்குமிடம் இழந்தவரின் நினைவு இன்னும் ஆறாத ஒரு நாட்டில் அக்கேள்வி எழுந்தது என்பதை ஒதுக்கிவிட இயலாது. இரண்டாவது, ஆணையின் தன்மை. ஊராரை அகற்றிவிட்டுப் பறவைகளைக் காக்க அவ்வாணை முற்படவில்லை. ஊராரின் உரிமையை ஏற்று, அவ்வுரிமையின் வழியாகவே பறவைகளைக் காத்தது.

துப்பாக்கியும் வளையமும்

செரெங்கெட்டியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கு முதலில் எழுந்தவை வேட்டைக் கூடாரங்களே. 1909இல் அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் கிழக்காப்பிரிக்காவில் மேற்கொண்ட பெரும்பயணத்தில் சேர்க்கப்பட்ட உயிரின மாதிரிகள் 11,000க்கும் மேற்பட்டவை. பின்னர்க் காக்கும் எண்ணம் தோன்றியது. 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் அங்கு வழிவழியாக ஆநிரை மேய்த்த மாசாய் மக்கள் 1959இல் பூங்காவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மந்தை தங்கியது, மக்கள் வலசை போயினர். முல்லைப்பாட்டு வேடரின் கதை வேறொரு கண்டத்தில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

நம் நாட்டிலும் துப்பாக்கிக் கூடாரங்கள் இருந்தன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து சென்னையைச் சூழ்ந்த வயல்களில் இறங்கும் உள்ளான்களைச் சுடுவது வெள்ளை அலுவலரின் பெருவிளையாட்டாக இருந்தது. அறிவியலும் நெடுங்காலம் துப்பாக்கியின் துணையையே நாடியது. கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் நடைபெற்ற வெர்னே அறிவியல் ஆய்வுப் பயணத்தின் பறவைச் செய்திகள் 1930களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தன. அவை பதப்படுத்தப்பட்ட பறவைத் தோல்களைக் கொண்டு எழுதப்பட்டவை. ஒரு பறவையை அறிய அதனைக் கொல்வதே அக்கால முறை.

அம்முறையை மாற்றியது ஒரு சிறு வளையம். 1957இல் கர்நாடகத்துச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டு நோய் கண்டறியப்பட்டது. நோய் பரப்பும் உண்ணிகளை வலசைப் பறவைகள் சுமந்து வருகின்றனவா என்னும் ஐயம் எழுந்தது. அதனையொட்டி உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சலீம் அலியின் தலைமையில் வலசை ஆய்வைத் தொடங்கியது. தமிழகத்தில் அவ்வாய்வின் முதன்மைக் களமாக விளங்கியது கோடிக்கரை. மெல்லிய வலையில் சிக்கும் பறவையை எடுத்து, அளந்து, எடைபார்த்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் பூட்டி விடுவித்தனர். கோடிக்கரையில் விடுவிக்கப்பட்ட உள்ளானினங்களின் வழி வடக்கே சைபீரியா வரை செல்வது அவ்வளையங்களால் தெளிவாயிற்று.

அம்முகாம்களில் பறவைகளைக் காயமின்றிப் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரைச் சேர்ந்த ‘மீர்ஷிகார்’ என்னும் பரம்பரை வேடர்கள். சந்தைக்காகப் பறவை பிடித்த கைகள் வளையம் பூட்டுவதற்காகப் பிடித்தன. வேடர் கையறிவு அழிக்கப்படாமல் வேறு பயனுக்குத் திருப்பப்பட்டது. ஆயின் பாசறையின் நிழல் அங்கும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. அமெரிக்கப் படைத்துறையின் நிதி இவ்வாய்வில் கலந்திருந்தது குறித்து 1970களில் நாடாளுமன்றக் குழு வரை வினா எழுந்தது. பறவை எல்லை அறியாது. பறவையைப் பற்றிய அறிவு எல்லைகளுக்குள்தான் சேமிக்கப்படுகிறது.

தாம்பரத்து ஏரிகள்

இனித் தாம்பரத்தை நோக்குவோம். பழவந்தாங்கல், பள்ளிக்கரணை, பீர்க்கன்கரணை, சிட்லப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்னும் பெயர்களை இன்று தொடர்வண்டி நிலையங்களாகவும் பேருந்து நிறுத்தங்களாகவும் அறிகிறோம். இவற்றுள் பல ஊரின் பெயர்களாக இருந்ததோடு ஏரியின் பெயர்களாகவும் இருந்தன, இருக்கின்றன. வேடந்தாங்கலின் ‘தாங்கல்’ பழவந்தாங்கலிலும் உள்ளது என்பதைப் புறநகர்த் தொடர்வண்டியில் நாள்தோறும் செல்வோருள் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

இவ்வேரிகள் தனித்தனியானவை அல்ல. செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் நன்மங்கலத்திற்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பிற்கும் இறங்குவது பழைய நீர்வழி. பள்ளிக்கரணையின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடல் நோக்கிச் செல்லும். மேல்நிலத்து மழையைத் தாங்கிக் கீழ்நிலத்துக்கு மெல்ல விடுத்த இத்தொடரே வடபுலத்துப் பறவைக்கு ஒரு பெரும் பாடிவீடாகவும் இருந்தது.

அப்பாடிவீடு சுருங்கிய விரைவு திகைக்கத்தக்கது. 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பில், குடியிருப்பும் சாலையும் நிறுவனக் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் போக எஞ்சியது அதில் ஒரு சிறு பங்கே. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247.54 ஹெக்டேர்ப் பரப்பு ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அவ்வாண்டிலேயே அப்பட்டியலில் சேர்ந்தன. குப்பைமேட்டின் அருகிலும் பூநாரைகளும் வடபுலத்து வாத்துகளும் வந்திறங்குவதைக் காண்போர் வியக்கின்றனர். வியப்பைவிட நாணமே அங்குப் பொருத்தமான மெய்ப்பாடு.

நீரும் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்று வடிநிலத்திலுள்ள முடிச்சூரும் வரதராசபுரமும், சதுப்பை ஒட்டிய வேளச்சேரியும் நீரில் மூழ்கின. பல்லாயிரவர் வீடுகளை விட்டுப் பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் அமைந்த முகாம்களில் தங்கினர். பறவை தங்கிய நீர்நிலத்தில் மனிதர் வீடு கட்டினர். அந்நீர் திரும்பி வந்த நாளில் மனிதர் வலசை போயினர். 1780இல் மக்களை விரட்டியது குதிரைப்படை. 2015இல் விரட்டியது வழியடைக்கப்பட்ட நீர்.

இருநூறாண்டு வரலாற்றிலிருந்து பெறப்படுவது இதுவே. வலசைப் பறவையைக் காத்தது கூடாரமிட்டவரின் அன்பு மட்டுமன்று. அத்தகையோருள் பிளேஸ் போன்று செவிமடுத்தவரும் உண்டு. சலீம் அலி போன்று அறிவு பெருக்கியவரும் உண்டு. ஆனால் அவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு சென்ற பின்னும் ஏரிக்கரையில் நின்றவர் ஊராரே. வேடந்தாங்கல் ஊரார் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்ப்பது இன்றும் போற்றப்படுகிறது. அவர்களுக்கு ஏரியோடு உழவால் வந்த உறவு உண்டு. தாம்பரத்து ஏரிகளுக்கு நேர்ந்த பேரிழப்பு அவ்வுறவு அறுந்ததே. வயல் மனையானதும் ஏரிக்கு உடையவர் இல்லாமற்போயினர். உடையவர் இல்லாத ஏரிக்குப் பறவையின் பொருட்டு வழக்குரைக்கவும் ஆளில்லாமற்போயிற்று.

அண்மைக்காலத்தில் செம்பாக்கத்திலும் சிட்லப்பாக்கத்திலும் குடியிருப்போர் ஒன்றுகூடித் தம் ஏரிகளுக்காகக் குரல் கொடுத்தது நம்பிக்கை தரும் செய்தி. அவர்கள் உழவர் அல்லர், அலுவலகங்களுக்குச் செல்வோர். பலர் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியோர். வந்து தங்கியவரும் ஏரிக்கு உடையவராக முடியும் என்பதற்கு அவர்கள் சான்று. 1798இல் ஓர் ஊர் கலெக்டரின் கூடாரத்தை நோக்கி நடந்தது. அதுபோலத் தாம்பரத்து ஊர்கள் மாநகராட்சி அலுவலகத்தை நோக்கி நடப்பதற்குத் தடை ஏதுமில்லை.

இலக்கிய வட்டத்தார்க்கும் இதில் ஒரு பங்குண்டு. கூதிர்க்காலத்து நாரையைப் புலவர் கண்டு எழுதியமையால்தான் அக்கால நீர்நிலம் எவ்வாறு இருந்தது என்பதை இன்று அறிகிறோம். இற்றைக் கவிஞர் நாரையைப் பாடும்போது அது எந்த ஏரியில் நிற்கிறது என்பதையும் பெயர்சொல்லிப் பாடுதல் வேண்டும். சேலையூர் என்றும், செம்பாக்கம் என்றும், பீர்க்கன்கரணை என்றும் எழுதிவைத்த பெயர்கள் ஒருநாள் வழக்குமன்றத்தில் சான்றாக நிற்கவும் கூடும். ஐப்பசி மழை தொடங்கியதும் வடக்கிலிருந்து பறவைகள் புறப்பட்டு வரும். அவை இறங்குவதற்குள் எந்தெந்த ஏரியில் நீர் நிற்கிறது, எந்தெந்த மதகு அடைபட்டுள்ளது என்பதை நேரிற் சென்று பார்த்து எழுதிவைப்பது, பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் பதினொன்றாம் ஆண்டில் தொடங்கத்தக்க நற்பணியாகும்.